கந்தக பூமியிலும் துருப்பிடிக்கும் அம்பாசடர் பிரேக்!

மழை குறைந்த ஊர், கார் எங்கே துருப்பிடிக்கப் போகிறது? சிவகாசி, விருதுநகர் பக்கம் தாத்தா காலத்து அம்பாசடரையோ பத்மினியையோ ஷெட்டில் வைத்திருப்பவர்கள் இப்படி நினைக்கலாம். பாடிக்கு அது ஓரளவு சரி. பிரேக் பைப் கதை வேறு.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் இரும்பு பைப்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140 வரை இறங்கலாம்.

பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். ஒரு பைப் பொத்துக்கொண்டால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண ஊர்வலத்துக்கு எடுக்கிற வண்டியில் இது நடந்தால், முன்னால் நடந்து போவது நம் சொந்தக்காரர்கள்தான்!

அதனால், ஓடாத காராக இருந்தாலும் 2 வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றுங்கள். குறைந்ததை மட்டும் ஊற்றினால் பழைய ஈரம் உள்ளேயே தங்கும். திறந்து வைத்த பழைய பாட்டிலும் வேண்டாம். (ஆயில் பாடியில் சிந்தினால் உடனே கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.)

பைப் மாற்றுவதாக இருந்தால் செம்பு-நிக்கல் கலவை பைப் கேளுங்கள், அது துருப்பிடிக்காது. விலை கொஞ்சம் கூடத்தான். மலிவு என்று வெறும் செம்புக் குழாயைப் போட்டுவிடாதீர்கள். அதிர்வில் விரிசல் விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் காரை மேடையில் ஏற்றி, கிளிப் மாட்டிய இடங்களில் சேற்றைத் துடைத்துப் பாருங்கள். வெளித்துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.