மகனுக்கு முதல் ஜீப்: முதலில் பிரேக், பிறகுதான் பெரிய டயர்

கண்டி, அக்குறணை, மடவளை, கெலிஓயா பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் சில வருடங்களாக ஒரு புதுப் பேச்சு அடிபடுகிறது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் கேட்பது குறைந்து, பழைய ஜீப் கேட்பது கூடியிருக்கிறது. நான் கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்பவன். ஒரு நாள் தந்தை தனியாகக் கடைக்கு வந்து, "நானா, இவன் ஜீப் கேட்கிறான், என்ன செய்வது?" என்பார். மறுநாள் மகன் தனியாக வந்து, பெரிய டயருக்கும் கூரை விளக்குக்கும் விலை விசாரிப்பான். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஜீப் வாங்குவதில் பெரிய தவறில்லை. வாங்கிய பின் முதல் ரூபா எங்கே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மலைநாட்டில் ஜீப் என்பது புதிய மோகமல்ல. 1948 இல் லேண்ட் ரோவர் வெளிவந்த பிறகு தேயிலைத் தோட்டத் துரைமாரின் வண்டி அதுவாகத்தான் இருந்தது. யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பும் ஊருக்கு ஒன்று இரண்டு நின்றது. மிட்சுபிஷி நிறுவனம் வில்லிஸின் அனுமதியுடன் 1953 முதல் 1998 வரை ஜப்பானில் ஜீப் தயாரித்தது. அவற்றில் 2659 சி.சி. டீசல் எஞ்சின் பூட்டிய வண்டியைத்தான் எங்கள் பாஸ்மார் எஞ்சினின் பெயராலேயே '4டீஆர்5' என்று அழைப்பார்கள். சுசுகி ஜிம்னி சின்ன வண்டி, எரிபொருளும் குறைவு. பையன்களின் மனம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் நிற்கும்.

என் தங்கையின் மகன் மனம் வைத்தது 4டீஆர்5 இல். 2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தபோது அவனுக்கு 17 வயது. வாப்பாவின் புடவைக் கடையில் விடுமுறை நாட்களில் நின்று சேர்த்த காசு கொஞ்சம், வாப்பா கொடுத்தது மிச்சம். வண்டி ஓடும் நிலையில் இருந்தது. அதற்கு மேல் அதைப் புகழ முடியாது. முதல் வாரமே என்னிடம் வந்தான்.

"மாமா, 31 அங்குல டயர் நாலு எடுத்துத் தருவீங்களா?"

"தருவேன் மகன். முதல்ல ஒரு கொப்பி வாங்கிட்டு வா."

கணக்குக் கொப்பியைத்தான் சொன்னேன். இடப் பக்கம் வண்டிக்குச் செலவான காசு, வலப் பக்கம் வண்டியில் கண்ட குறை. குறை எழுதிய பக்கம் காலியாகும் வரை அலங்காரத்துக்கு ஒரு சதமும் இல்லை என்பது எங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் கொப்பி வந்தது.

வலப் பக்கம் ஒரே நாளில் நிரம்பியது. நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். அதில் இரண்டில் வீல் சிலிண்டர் கசிந்தது. பிரேக் எண்ணெய் கறுத்திருந்தது. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய், இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது கொதித்து ஆவியாகும். அப்போது மிதித்தால் பெடல் காற்றில் மிதித்தது போல உள்ளே போய்விடும். சமதரையில் இருப்பவனுக்கு இது பாடப்புத்தக விடயம். உன்னஸ்கிரியவிலிருந்து தெல்தெனியவுக்கோ, கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைக்கோ இறங்குபவனுக்கு இது உயிர் விடயம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றுவது வண்டிச் செலவிலேயே மலிவான செலவு. பலர் செய்வதில்லை.

அடுத்தது ஸ்டியரிங். பழைய ஜீப்பில் ஒரு குழியில் விழுந்து எழும்போது முன் சில்லுகள் இரண்டும் வெட்டி வெட்டி ஆடத் தொடங்கும். கையால் பிடித்து நிறுத்த முடியாது. கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் கம்பிகளின் முனைகள் தளர்ந்திருக்கும், ஸ்பிரிங் கொளுவும் ஷக்கிளின் புஷ் கரைந்திருக்கும். சில கராஜ்களில் ஒரு 'டேம்பர்' பூட்டி ஆட்டத்தை மறைத்துத் தருவார்கள். வருத்தத்தை விட்டு வலிக்கு மாத்திரை கொடுப்பது போன்றது அது. மருமகனின் வண்டியில் புஷ் எட்டும், கிங்பின் பேரிங் நான்கும் மாற்றினோம். பேரிங்குக்காக அவனையே பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினேன். என் ராக்கையில் அந்தப் பேரிங் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு பையன் பஞ்சிகாவத்தையில் பழைய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, அசல் எது, போலி எது, பாவித்துத் துடைத்து வைத்தது எது என்று கேட்டு அறிவது, எந்த வியாபாரப் பாடசாலையிலும் கிடைக்காத ஒரு நாள். நான்கு கடையில் நான்கு விலை சொன்னார்களாம். நான்கையும் கொப்பியில் எழுதி வந்திருந்தான்.

மூன்றாவது சூடு. ஏற்றத்தில் மெதுவாக, தாழ்ந்த கியரில் ஏறும் வண்டிக்குக் காற்றோட்டம் குறைவு. ரேடியேட்டர் அடைத்திருந்தால் வேறு வழியில்லை, எஞ்சின் கொதிக்கும். கொதிக்கிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது எங்கள் நாட்டுப் பழக்கம். நோய் எங்கேயோ இருக்க, எஞ்சின் சரியான சூட்டில் வேலை செய்வதைத் தடுப்பதுதான் அதனால் நடக்கிறது. ரேடியேட்டரைக் கழுவி, புது பெல்ட் போட்டு, தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போட்டோம்.

இத்தனைக்கும் ஆறு மாதம் போனது. அந்த ஆறு மாதமும் அவன் பெருவீதியில் வண்டி ஓட்டவில்லை. 18 வயது ஆகாமல் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லாதவன் கையில் வண்டி இருந்து ஏதும் நடந்தால் காப்புறுதியும் இல்லை. "வீட்டுக்குப் பின்னால்தானே, பக்கத்து ஊருக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்கும் தந்தையரைப் பார்க்கிறேன். கடையையும் காணியையும் சேர்த்தே அந்தச் சாவியோடு கொடுக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

இனி டயருக்கு வருவோம். இளைஞர்கள் கேட்கும் முதல் மாற்றம் இதுதான் என்பதால் கணக்கைக் காட்டி விடுகிறேன். 28 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால், சில்லு ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் ஏறத்தாழ 11 வீதம் கூடுகிறது. ஸ்பீடோமீற்றர் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 44 இல் போகும். எஞ்சினுக்கு ஏற்றம் கடினமாகும், பிரேக்குக்கு நிறுத்துவது கடினமாகும், பின் ஆக்சிலில் ஏறும் முறுக்கு கூடும். பெரிய டயர் கெட்டதல்ல. சேற்றிலும் கல்லிலும் அதற்கு வேலை உண்டு. ஆனால் அது தனியே வரும் செலவல்ல. பிரேக்கையும் ஆக்சிலையும் கூடவே இழுத்து வரும். கடை திறப்பவன் பெயர்ப்பலகைக்கு மட்டும் காசு ஒதுக்கி, சரக்குக்கு ஒதுக்காமல் விட்டால் எப்படி? மருமகனுக்கு நான் கொடுத்தது அளவு மாறாத, பட்டன் ஆழமான நான்கு டயர். முகம் சுருங்கியது. மழையில் ஒரு நாள் ஓட்டிய பின் சரியாகிவிட்டது.

உண்மையில் பயன்தரும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. டிப் இரண்டிலும் காற்றுப் போகும் சின்னக் குழாயை உயர்த்திக் கட்டுவது. முன்னும் பின்னும் சேசியோடு சேர்த்துப் பூட்டிய இழுவைக் கொக்கி. நல்ல இழுவைப் பட்டி, ஒரு காற்றுப் பம்பு. டிரெய்லர் கொளுவும் உருண்டையில் பட்டியை மாட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்து பறந்து உலகெங்கும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நான்கு சில்லு இழுவையைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓட்டவும் கூடாது. இந்த ரக ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வித்தியாசத்தைச் சமன் செய்ய ஒன்றுமில்லை. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று இழுபட்டுத் தேயும்.

காகித வேலையிலும் காசு இருக்கிறது. வேறு எஞ்சின் ஏற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து வாகனப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். 2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பழைய டீசலுக்கு நொசிலும் பம்பும் சரியாக இருந்தாலே பாதிப் புகை போய்விடும். வாங்கும்போது சேசி இலக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டி ஒட்டிய சேசியும், செத்த வண்டியின் புத்தகத்தில் ஓடும் வண்டியும் சந்தையில் உண்டு. லேண்ட் ரோவர் என்றால் அலுமினிய உடம்பு பளபளப்பாகவே இருக்கும். அடியிலுள்ள இரும்புச் சேசிதான் துருப்பிடிக்கும். சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டு போங்கள்.

"இதை வைத்துச் சம்பாதிக்கலாமா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். உன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப் வழியாக மீமுறைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகும் ஜீப்களைப் பார்த்து வரும் ஆசை அது. செய்யலாம். ஆனால் சொந்தப் பாவனைக் காப்புறுதியில் வாடகை ஓட்டம் அடங்காது, அதற்கு வேறு காப்புறுதி வேண்டும். வண்டியின் விலையே ஏறும் என்று எண்ணி வாங்குவதையும் நான் ஆதரிப்பதில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. அரசாங்கத்தின் ஒரு வர்த்தமானியில் ஏறி இறங்கும் விலையை நம்பி முதலைப் போடுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சரிவராது.

மேற்கு வங்காளத்தில், டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்றொரு சிற்றூர். அங்கிருந்து 3636 மீற்றர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்குத் தோட்டத் துரைமார் விட்டுப்போன 1950களின் லேண்ட் ரோவர்களிலேயே பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிப் பிழைத்தார்கள். பாகம் கிடைக்காவிட்டால் செய்துகொண்டார்கள், எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள். அண்மையில் பாதை திருந்தியதும் பொலேரோ வண்டிகள் புகுந்துவிட்டன. பழைய வண்டியை உயிரோடு வைத்திருந்தது பாதையின் மோசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஜீப்பின் பாகங்களை வாங்கிக் குவிக்கும் சக வியாபாரிகளும் இதை யோசிக்கலாம். அவை ராக்கையில் வருடக்கணக்கில் தூங்கும் சரக்கு.

பிள்ளைகளின் கையில் ஜீப் என்றதும் பலருக்கு 2022 ஒக்டோபர்தான் ஞாபகம் வரும். யால தேசிய வனத்துக்குள் ஒரு கூட்டம் விலையுயர்ந்த ஜீப்களைத் தாறுமாறாக ஓட்டிய காட்சி நாடெங்கும் பரவியது, கைதுகளும் நடந்தன. எங்கள் பக்கத்து நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் அடங்கியது. பாதையை விட்டுப் புல்வெளியில் சில்லை ஏற்றுவது அங்கே விளையாட்டல்ல, குற்றம். மருமகனுக்கு நான் போட்ட நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

அவனுக்கு 2025 மார்ச்சில் 18 ஆனது, அனுமதிப்பத்திரமும் கிடைத்தது. அந்த வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் பட்ட பாட்டை இங்கே நான் எழுத வேண்டியதில்லை. மண் சரிந்து வீதிகள் அடைந்து, மின்சாரமும் தொலைபேசியும் போய், பல ஊர்கள் தனித்துப்போயின. எங்கள் பள்ளிவாசலில் சேர்த்த மாவு, பால்மா, மருந்துகளை உள்ளூர்களுக்கு எடுத்துச் செல்ல லொறி போகாத இடங்களுக்கு ஜீப்கள் போயின. அவனுடையது போனது, இன்னும் நாலைந்து போயின. கூரையில் ஆறு விளக்கும் மிகப் பெரிய டயரும் பூட்டிய ஒரு வண்டி சேற்றேற்றம் ஒன்றில் பின் ஆக்சில் உடைந்து பாதையின் நடுவே நின்றது. மருந்துப் பெட்டிகளை இறக்கித் தலையில் சுமந்தார்கள். வண்டியை ஓரம் தள்ளவே ஒரு மணித்தியாலம் பிடித்ததாம். அந்தப் பையனும் நல்ல பிள்ளை. மருந்தை எடுத்துப் போகத்தான் அவனும் வந்தான்.

நான்காம் நாள் மருமகன் கடைக்கு வந்தபோது தூக்கமில்லாத கண். டிப் ஒயில் கேட்டான். தண்ணீரில் இறங்கிய வண்டி என்பதால் பின் டிப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வந்திருக்கிறது. உயர்த்திக் கட்டிய காற்றுக் குழாய் எங்கோ கிளையில் மாட்டி அறுந்துவிட்டதாம். பிரேக் டிரம் நான்கையும் கழற்றிச் சேறு கழுவி, கிராஸ் ஜொயிண்ட்டுகளுக்குக் கிரீஸ் அடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். கொப்பியும் கையில் இருந்தது, ஓரங்கள் நனைந்து. ஒயிலுக்குக் காசு வேண்டாம் என்றேன்.

"இல்ல மாமா, கணக்கு பிழைச்சுப் போகும்" என்று எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த செலவு என்ன என்று கேட்டதற்கு, முன் டிப்பின் ஒயில் சீல் என்றான். 31 அங்குல டயரைப் பற்றி வாப்பாதான் இப்போது என்னிடம் விசாரிக்கிறார்.