கர்வே ரோட்டில் ஒரு நடை

புனேயில் குடியேறிய நாள்முதல் கர்வே ரோட்டில் போய் வந்துகொண்டிருக்கிறேன். கோத்ரூடில் நிற்கும் கர்வே சிலை எனக்குப் பல ஆண்டுகள் வெறும் பஸ் ஸ்டாப்பாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு என் இளைய மகன் நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தவறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டபோதுதான் அந்தச் சிலைக்குரியவரைத் தேடிப் படித்தேன்.

டோண்டோ கேசவ் கர்வே 1858-ல் கொங்கணத்தில் பிறந்தவர். வறிய குடும்பம். பதினேழு வயதில் ஒரு பொதுத் தேர்வு எழுத, முருட் கிராமத்திலிருந்து சத்தாராவுக்கு சஹ்யாத்ரி மலையைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் நடந்தே போனார். அங்கே அவருடைய சிறிய உருவத்தைப் பார்த்து, வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு கோல்ஹாப்பூருக்குப் போய் எழுதித் தேறினார்.

பின்னர் பி.ஏ. முடித்து, கோகலே அழைத்ததன்பேரில் 1891-ல் பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியரானார். அதே ஆண்டு மனைவி இறந்தார். 1893-ல் ஓர் இளம் விதவையை மணந்தார். சொந்த ஊர் அவரை ஒதுக்கியது. வீட்டில் சேர்த்தால் அண்ணன் குடும்பத்தையும் விலக்குவோம் என்றது. துன்பமெல்லாம் நன்மைக்கே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்தத் தாயும் அண்ணனும் பட்டதற்கு யார் ஈடு செய்தார்கள்?

ஆனாலும் கர்வே நிற்கவில்லை. 1896-ல் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1900-ல் அது ஊருக்கு வெளியே ஹிங்கணேயில் ஒரு குடிசைக்கு மாறியது. இன்றைய கர்வே நகர்தான் அது. பகலில் கல்லூரியில் கணிதம். மாலையில் சாமான்களைச் சுமந்துகொண்டு ஹிங்கணேக்கு நடை. மழைக்காலச் சேற்றிலும் அப்படித்தான். 1916-ல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். அதுவே இன்றைய எஸ்.என்.டி.டி. நூறு வயதில், 1958-ல், பாரத ரத்னா கிடைத்தது. நம் சென்னையில், ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைப் படிக்க வைத்த சகோதரி சுப்புலட்சுமியின் கதையும் இதற்கு நெருங்கிய உறவு. அதைப் பிறகொரு முறை எழுதுகிறேன்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். உபதேசம் என்று நினைத்தானோ என்னவோ, பதிலே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வந்து, "அப்பா, பெர்குசன் கல்லூரியிலிருந்து ஹிங்கணே வரைக்கும் நடந்து பார்ப்போமா?" என்றான். மெட்ரோ தூண்களுக்கு அடியில், ஆட்டோக்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. என் தோள் பையை அவன் வாங்கிக்கொண்டான்.

வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தபோது, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று கேட்டான்.