சுங்குடியின் குளிர்ச்சிக்குப் பின்னால் நிற்கும் விசை

கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் மதுரையில், பருத்தித் துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றிப் புள்ளிகளை உருவாக்கும் சுங்குடிச் சேலை குளிர்ச்சிக்குப் பெயர்பெற்றதற்குப் பருத்தி இழைக்கும் நீருக்கும் இடையே நிலவும் ஈர்ப்பே அடிப்படை. மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டும் சகப்பிணைப்போடு ஒப்பிட்டால், மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகள் மிக மெலிந்தவை; நீரில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை கூட அதில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குதான். ஆயினும் ஒரு பொருள் எதில் கரையும், எதை உறிஞ்சும், எப்போது உருகும் என்பவற்றைப் பெரிதும் இந்த மெலிந்த விசைகளே தீர்மானிக்கின்றன.

பருத்தியின் செல்லுலோஸ், ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. அந்த ஹைட்ரஜனை அருகிலுள்ள வேறோர் ஆக்சிஜன் ஈர்ப்பதே ஹைட்ரஜன் பிணைப்பு. நேர்ச்சாயம் எனப்படும் வகையின் நீண்ட, தட்டையான மூலக்கூறுகள் இந்தப் பிணைப்பாலும், எலக்ட்ரான்களின் கணநேர இடப்பெயர்ச்சியால் எழும் வாண்டர்வால்ஸ் விசையாலும் இழையில் தங்குகின்றன. இந்தப் பிடி விடக்கூடியது என்பதால் துவைக்கையில் சாயம் போகிறது. இழையோடு சகப்பிணைப்பே கொள்ளும் வினைச்சாயம் அவ்வாறு எளிதில் போவதில்லை. முடிச்சுக்குப் பதிலாக மெழுகு அச்சிடும் முறையிலும் இதே விதி செயல்படுகிறது: மெழுகு நீரோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்ளாததால் சாயநீரைத் தடுத்து நிறுத்துகிறது, அதன் மூலக்கூறுகளைச் சேர்த்துவைப்பது வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே என்பதால் வெந்நீரில் உருகி நீங்குகிறது.

இத்தனை நுட்பத்தையும் வீணாக்குவது, சுங்குடிப் புள்ளிகளைப் பாலியெஸ்டர் துணியில் அச்சிட்டு அதே பெயரில் விற்கும் வழக்கம். ஈரமற்ற 100 கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் ஈரத்தை ஈர்க்க, ஹைட்ராக்சில் தொகுதிகள் மிக அரிதான பாலியெஸ்டர் அரை கிராமைக் கூட ஈர்ப்பதில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது, நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுப்பதற்காக, ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் செலவாகிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பரப்பி, அந்த வெப்பத்தில் ஒரு பகுதியை உடலிலிருந்து வெளியேற்றுகிறது. ஈரத்தை ஏற்காத துணியோ உடலில் ஒட்டிப் புழுக்கத்தைக் கூட்டுகிறது. பாலியெஸ்டர் விலை குறைந்தது, கசங்காதது, விரைவில் உலர்வது என்பது உண்மையே. அவ்வசதிகளை வேண்டுவோர் அதைப் பாலியெஸ்டர் என்றறிந்தே வாங்கலாம்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் கடையில் சேலையைப் புரட்டிப் பார்ப்பவருக்குப் புள்ளிகள் தெரியுமே அன்றி இழையின் வேதியியல் தெரியாது. முந்தானை ஓரத்தில் உருவிய ஒரு நூலைக் கவனமாகக் கொளுத்தினால் வேறுபாடு வெளிப்படும். செல்லுலோஸ் சங்கிலிகளை எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் பருத்தி உருகுவதற்கு முன்பே எரிந்து, காகிதம் கருகிய மணத்தோடு மென்சாம்பலாகிறது. பாலியெஸ்டரோ ஏறத்தாழ 260 டிகிரியில் உருகி, ஆறியதும் கடினமான உருண்டையாகிறது. இச்சோதனையை வாங்குபவரின் தலையில் கட்டுவது முறையன்று. சுங்குடி என்ற பெயரில் விற்கும் ஒவ்வொரு சேலையிலும் இழையின் பெயர் தெளிவான தமிழில் அச்சிடப்பட வேண்டும். இல்லையேல், பருத்தியில் முடிச்சிடும் கைகளுக்குரிய கூலியை அச்சு இயந்திரமே பறித்துக்கொள்ளும்.