சேர்ந்தான், நிலைத்தானா?

தோழர்களே! நம் பிள்ளை கல்லூரி வாசலை மிதித்துவிட்டான் என்று பூரிக்கிறோம். மிதித்தவன் பட்டத்தோடு திரும்புகிறானா?

2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியாவில் 100க்கு 28, தமிழ்நாட்டில் 47. பெருமைதான்! ஆனால், சேர்ந்தோர் கணக்கு வேறு. நிலைத்தோர் கணக்கு வேறு.

கட்டணம் தள்ளுபடியாகலாம், சோற்றுக்கும் புத்தகத்துக்கும் தள்ளுபடி உண்டா? அப்பன் படுத்தால் மகன் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறான். வருகை குறைகிறது, தேர்வு தவறுகிறது, படிப்பு முறிகிறது.

இந்த ஓட்டையை அறிந்துதான் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022லும், தமிழ்ப் புதல்வன் 2024லும் வந்தன. உரிய தேதியில் கைக்கு வரும் பணமே படிப்பைக் காக்கும்.

தோழனே! உன் தெருவில் பாதியில் நின்ற பிள்ளை எத்தனை? எண்ணு! வீடு தேடிப் போ! படிவத்தை நிரப்பிக் கொடு! திரும்ப வகுப்பில் உட்கார வை!