பனியன் போட்ட மாவீரன்

கொல்கத்தாவின் மாவீரனுக்கு முகமூடி கிடையாது, முதுகில் பறக்கும் அங்கியும் கிடையாது. ரோஸ் நிறத்தில் கையில்லாத பனியன், கறுப்பு அரை டிராயர், காலில் செருப்புகூட இல்லை. மார்பு கதவு அகலம், கால்களோ குச்சி. பெயர் பாண்டுல் தி கிரேட். ஹவுரா சிப்பூர்க்காரரான நாராயண் தேப்நாத், 1965இல் 'சுக்தாரா' சிறுவர் இதழில் வரைந்துவிட்ட பயில்வான் இவன்.

முதலில் வெறும் பலசாலிதான். 1971 வங்கதேசப் போர் மூண்டபோது, இவனை யாராலும் வீழ்த்த முடியாதவனாக ஆக்கச் சொல்லிப் பதிப்பகத்தார் கேட்டார்கள். தேப்நாத் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். அதன்பின் பாண்டுல் டாங்கிகளோடும் போர் விமானங்களோடும் மோதினான். துப்பாக்கிக் குண்டுகள் அவன் உடம்பில் பட்டுத் தெறித்தன.

இப்படிப்பட்டவனுக்கு ஆபத்து ஏது? ஆபத்தில்லாமல் கதை ஏது? தேப்நாத் இந்தச் சிக்கலைச் சிரிப்பால் தாண்டினார். பாண்டுல் ஜெயிப்பான் என்பது முதல் கட்டத்திலேயே தெரியும். அவன் பலத்தால் என்னென்ன உடையும் என்பதுதான் வேடிக்கை. கூடவே இரண்டு வால் பையன்கள், ஒரு தீக்கோழி. பெரும்பாலும் இரண்டே பக்கம், கதை முடிந்தது.

வங்காளத் தொலைக்காட்சிக்கு அனிமேஷனாக வந்தபோது இந்த இரண்டு பக்கச் சிரிப்பை இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்தால் நீர்த்துப்போகிற சரக்கு அது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வாசகன் தானே கற்பனை செய்துகொண்டதைத் திரையில் பின்னணி இசை போட்டு நிரப்புகிறார்கள்.

1992இல் அமெரிக்காவில் வந்த 'பேட்மேன்' அனிமேஷன் தொடர் வேறு வழியில் போனது. மிஸ்டர் ஃப்ரீஸ் அதுவரை பனித் துப்பாக்கி தூக்கிய ஒரு கோமாளி வில்லன், அவ்வளவுதான். பால் டீனி எழுதிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயம், நோயாளி மனைவியை உறைநிலையில் வைத்துக் காக்க முயன்ற கணவனாக அவனை மாற்றியது. இருபத்துச் சொச்ச நிமிடத்தில் வில்லனுக்காக நெஞ்சு கனக்கிறது. எம்மி விருது கிடைத்ததில் வியப்பில்லை. அதே ஆண்டு தொடங்கிய 'எக்ஸ்-மென்' தொடரில் ஓவியம் பல இடங்களில் சுமார்தான். ஆனால் ஃபீனிக்ஸ் கதையை ஐந்து பகுதிகளாக நீட்டி, குழந்தைகளை அடுத்து என்ன என்று காத்திருக்க வைத்தார்கள்.

நம் ஊரில் 2008இல் போகோ சேனலில் வந்த 'சோட்டா பீம்' இதற்கு நேர் எதிர். லட்டு தின்றான், பலம் வந்தது, அவன் ஊரான டோலக்பூர் பிழைத்தது. நேற்று நடந்தது இன்று யாருக்கும் நினைவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அது போதும். பத்து வயதுக்காரன் எழுந்து போய்விடுவான்.

கொல்கத்தாவின் சாஃப்ட்டூன்ஸ் நிறுவனம் சோனி ஆட் சேனலுக்காக எடுத்த 'கோபால் பார்' இங்கே கவனிக்க வேண்டியது. கோபால், கிருஷ்ணசந்திர ராஜாவின் அவையில் இருந்ததாகச் சொல்லப்படும் விகடகவி. நம் தெனாலிராமனுக்கு வங்காளத்துப் பங்காளி. தொப்பையும் வழுக்கையும்தான் அவன் சொத்து. பலம் இல்லாததால் யோசித்தே ஆக வேண்டும். அவன் யோசிக்க யோசிக்கக் கதை நகர்கிறது. திரைக்கதை என்ற அளவில் பாண்டுலைவிடக் கோபால் ஒரு படி மேல் என்று தாராளமாகச் சொல்லலாம். சுக்தாரா வளர்த்த தலைமுறையினர் கோபித்துக்கொண்டாலும் சரி.

தேப்நாத் 2022 ஜனவரியில், 96 வயதில் காலமானார். முந்தைய ஆண்டுதான் பத்மஸ்ரீ அறிவித்திருந்தார்கள். பாண்டுலை அரை மணி நேரத்துக்குத் தாங்குகிற எழுத்தாளர் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம், ஹைதராபாத்தில் பீம் பிறந்த கதை.