துஞ்சினவர்களும் உயில் எழுதாதவர்களும்

சாவைச் சாவு என்று சொல்ல நமக்கு வாய் வராது. தெரிந்தவர் என்றால் தவறிவிட்டார், பெரியவர் என்றால் காலமானார், செய்தித்தாளில் வந்தால் மறைந்தார். சைவர் சிவலோகப் பதவி அடைவார், வைணவர் பரமபதிப்பார், கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைவார், இஸ்லாமியர் வஃபாத்தாவார். இந்தப் பதவிகள் எதுவும் வேண்டாம் என்ற பகுத்தறிவாளர்கள்கூட ‘இயற்கை எய்தினார்’ என்று ஒன்றைத் தேடிக்கொண்டார்களே தவிர, ‘செத்தார்’ என்று சுவரொட்டி அடிக்கவில்லை. பிடிக்காதவன் போனால் மட்டும் ‘மண்டையைப் போட்டான்’. ஆங்கிலேயரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். மரியாதைக்குரியவர் ‘கடந்து போவார்’, கேலிக்குரியவன் ‘வாளியை உதைப்பான்’. மரணத்துக்கு அஞ்சித்தான் மனிதன் சொல்லை மாற்றுகிறான் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். தமிழைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் கட்சி. நம் முன்னோர் சொல்லைத்தான் மென்மையாக்கினார்கள், விவரத்தை ஒளிக்கவில்லை. ஒளிக்கும் பழக்கம் நம் காலத்தது. அதுவும் சொத்து என்று வரும்போதுதான் அதன் சேதம் தெரிகிறது.

சான்றுக்கு அதிக தூரம் போக வேண்டாம். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற பாறைக்குன்று இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கிய இடம். அங்கே சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக, வட்டெழுத்து உருவாகிவந்த காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அவர் இறந்தார் என்று அது சொல்லவே இல்லை. 57 நாள் உண்ணாநோன்பு இருந்தவரின் நிசீதிகை, அதாவது நோன்பிருந்த இடம், என்று மட்டும் சொல்கிறது. அதே குன்றில் இன்னொருவருக்கு 30 நாள். இறப்பு என்ற சொல் இல்லை. ஆனால் பட்டினி கிடந்த நாள் கணக்கு பிசகாமல் இருக்கிறது. திருக்கோவலூரில், வீரட்டானேசுவரர் கோயிலின் ராசராசன் காலக் கல்வெட்டு இரண்டு மரணங்களைப் பேசுகிறது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தது ஒன்று. மலையமான் குலத்தில் பிறந்த வானவன் மாதேவி, பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கணவன் சுந்தர சோழனோடு மாய்ந்தது மற்றொன்று. கபிலர் கதையைக் கவனியுங்கள். நண்பன் பாரி விட்டுப்போன பொறுப்பை முடித்துவிட்டுத்தான் அவர் போகிறார். தென்பெண்ணையின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை இன்றும் பார்க்கலாம்.

அந்தச் சுந்தர சோழனுக்கே ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று பெயர். தக்கோலப் போரில் 949-இல் விழுந்த ராசாதித்தன் ‘ஆனைமேல் துஞ்சினார்’. சங்கப் பாடல்களின் அடிக்குறிப்புகளிலும் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்று ஒரு வரிசையே உண்டு. துஞ்சுதல் என்றால் உறங்குதல். ஆனால் எங்கே உறங்கினான், மாளிகையிலா, யானை முதுகிலா என்பதைப் பெயரோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். ஒரே பெயருடைய பல அரசர்களைப் பிரித்தறிய அதுவே அடையாளம். பக்கத்துச் செங்கம் பகுதி நடுகற்களில் இந்த மென்மைகூட இல்லை, ‘பட்டான்’, அவ்வளவுதான். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் மகன், எந்தத் தொறுவை (ஆநிரையை) மீட்கப் போனான் என்பதெல்லாம் கூடவே இருக்கும். பவணந்தியார் நன்னூலில் இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் குழூஉக்குறியையும் தகுதி வழக்கில் வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலத்துக்கு வழிவழியாகச் சொல்லப்படும் உதாரணம். இது சபைக்கு ஏற்றபடி பேசும் முறையே அன்றி, பேசாமல் இருக்கும் முறை அன்று.

விட்டுச்செல்வதிலும் அவர்களுக்கு இந்தத் தெளிவு இருந்தது. கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் சோழர் காலத்தில் பெரும்பாலும் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு கொடுத்தார்கள். அதற்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா? சாகும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை ஈடுகட்டி, தினமும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்தவர் போனாலும், ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடி (இடையர்) போனாலும், சந்திராதித்தர் உள்ளவரை விளக்கு எரிய வேண்டும். மரணத்தை மறுக்கும் சொல்லை வைத்துக்கொண்டே மரணத்துக்குப் பிந்திய கணக்கை இத்தனை கெட்டியாக எழுதியிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இன்று நடப்பது வேறு. ‘என் காலத்துக்கப்புறம் இந்த நிலத்தை...’ என்று அப்பா தொடங்கினாலே, ‘ஏன் இப்படி அச்சானியமாப் பேசுறீங்க’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். அவரும் விட்டுவிடுகிறார். பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. பேரன் காலத்தில் ‘வகையறா’ என்று ஒரு சொல் சேர்கிறது. பிறகு வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை வழக்கு. எழுதாவிட்டால் என்ன, அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே என்பவர்கள் உண்டு. இருக்கிறது. என்ன செய்யும் என்று பாருங்கள். சுயார்ஜிதமாக 2 ஏக்கர் வைத்திருக்கும் ஓர் இந்து, உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள், வயதான தாய் இருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேருக்கும் சம பங்கு, தலைக்கு 40 சென்ட். தாய்க்குப் பங்கு உண்டு என்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டியும் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், அவருடைய 40 சென்ட்டுக்கு அவருடைய மற்ற பிள்ளைகளும் வாரிசு. கிணற்றடி நிலத்தில் சித்தப்பாவும் அத்தையும் பங்குதாரர் ஆகிறார்கள். இறந்தவர் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அவரே கிறிஸ்தவராக இருந்தால் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, தாய்க்கு ஒன்றுமில்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியவரின் சொத்தில் அம்மாவுக்குச் சட்டப்படி இடமில்லை. சட்டம் யாருடைய மனத்தையும் படிக்காது. அது சராசரிக்குச் செய்யப்பட்ட ஏற்பாடு.

உயில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நம் மரபுக்கு ஒட்டாது என்று இன்னொரு வாதம். சொல்லும் சட்ட வடிவமும் அவன் வழி வந்தவை என்பது உண்மை. பழைய இந்து தரும நூல்களில் உயில் இல்லை. ஆனால் எனக்குப் பின் இது இப்படி நடக்கட்டும் என்று எழுதிவைப்பது புதிதல்ல என்பதற்கு அந்த 96 ஆடுகளே சாட்சி. இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: உயில்தான் சண்டையைக் கிளப்புகிறது. மறுப்பதற்கில்லை, நீதிமன்றங்களில் உயில் வழக்குகள் குறைவில்லை. ஆனால் எப்படிப்பட்ட உயில்? படுத்த படுக்கையில், ஒரு பிள்ளை வீட்டில், மற்றவர்களுக்குத் தெரியாமல் கைநாட்டு வாங்கியது. உயிலைச் சுற்றி ஐயத்துக்கு இடமிருந்தால், அதைக் கொண்டுவருபவரே அந்த ஐயத்தைப் போக்க வேண்டும் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சண்டைக்கு வழி செய்வது உயிலைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடும் நம் வாயடைப்புதான். எழுதிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள் என்ற அச்சமும் இடம் மாறிய அச்சம். தான செட்டில்மெண்டில் சொத்து அப்போதே கைமாறும். உயிலில் மூச்சு இருக்கும்வரை சொத்து உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

பத்திரம் எழுதுபவர்களின் நடையே நமக்கு வசதி செய்து வைத்திருக்கிறது. ‘என் ஆயுளுக்குப் பிறகு’, ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று போகும் அந்த வாசகத்தில் அச்சானியமான சொல் ஒன்றுகூடத் தேவைப்படாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரையோ அவர் துணையையோ சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்தால் பின்னால் கேள்வி குறையும். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை விடாமல் எழுதுங்கள். எழுதிய தாள் எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.