கார்த்திகை மாதத்தில் அருணாசல கிரிவலம்

வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அருணாசல மலைமீது பொழிந்து, கோடையில் பாறையும் காய்ந்த புல்லுமாய்க் கிடந்த சரிவுகளுக்குப் பசுமையையும் வறண்ட ஓடைகளுக்கு நீரையும் அளிக்கிறது. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் விடியலுக்கு முன்பே புறப்படும் யாத்திரிகர், இளங்குளிரும் ஈரமண் வாசனையும் சூழ, வெயிலின் உபாதையின்றி நடக்கலாம். 1896இல் இங்கு வந்து, பல்லாண்டுகள் இம்மலையை வலம்வந்த ரமண மகரிஷி, மிக நிதானமாக நடப்பதையே வற்புறுத்தினார்.

எனினும் மழைக்காலத்து மலையை எளிதாக எண்ணலாகாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் ஊறித் தளர்ந்த மண்ணும் பாறைகளும் அடிவாரத்து வ.உ.சி. நகர் வீட்டின்மீது சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேரின் உயிரைக் கொண்டுபோயின. அந்தத் துயரம் இவ்வூரார் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. அவ்வாண்டு, 2,668 அடி உயரச் சிகரத்தில் தீபம் ஏற்றப்பட்டபோதும், பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

மழை ஓய்ந்த பின்னும் ஈரப்பாறை வழுக்கும். நீர் ஊறிய சரிவு தாமதித்தும் இறங்கக்கூடும். ஆதலின் அன்பர்கள் குறுக்குத் தடங்களில் ஏறாது, வலம்வரும் சாலையிலேயே செல்வார்களாக.